தண்டனை முடியும் நாளில் சிகிச்சை முடியக் கூடாது

கொள்கைப் பிரகடனம் – திருவனந்தபுரம்

பூஜப்புரை மத்தியச் சிறைக்குள் போதை நோயோடு போகிறவர்கள் அதே நோயோடு வெளியே வருவதை இனியும் தலையெழுத்து என்று ஏற்றுக்கொள்ள மாட்டோம். அதற்காகவே கூடியிருக்கிறோம். எங்களில் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள்; கஞ்சாவையும் ஊசியையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். மகனைப் பார்க்க மனுப் போட்டுக் காத்திருந்த தாய்மார்களும், கணவனை ஜாமீனில் எடுக்க நகையை அடகு வைத்த பெண்களும், மனநல ஆலோசகர்களும், வழக்கறிஞர்களும், ஓய்வு பெற்ற சிறைப் பணியாளர்களும் இருக்கிறார்கள். தமிழரும் மலையாளிகளும் சேர்ந்த கூட்டம் இது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காகவும், களியக்காவிளை எல்லையைத் தாண்டி வேலைக்கு வந்து வழக்கில் அகப்பட்டவர்களின் வீட்டாருக்காகவும் இதைத் தமிழில் எழுதுகிறோம். மலையாளத்திலும் இதே உறுதிமொழிகளைத்தான் தருகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். யாருடைய தண்டனையையும் குறைக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. போதையில் ஒருவன் செய்த குற்றத்தால் அடிபட்டவர் ஒருவர் இருக்கிறார். பல வழக்குகளில் அவர் அவனுடைய வீட்டிலேயே இருக்கிறார். அவருக்கு நியாயம் கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் கோர்ட்டு விதிப்பது ஒரு காலத்தைத்தான். அந்தக் காலம் எப்படிக் கழிகிறது என்பதற்கு அரசும் சமூகமும் பொறுப்பு. ஐந்து வருடம் உள்ளே இருந்தவன் ஐந்து வருடம் குடியை நிறுத்தியிருந்தான் என்று கணக்குப் போடுகிறோமே, அந்தக் கணக்கு தவறு. கிடைக்காததால் குடிக்காமல் இருப்பது ஒன்று. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருப்பது வேறொன்று. இந்த இரண்டாவதைப் பழகுவதற்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும். மதில் சுவருக்கு அப்படிப் பழக்கத் தெரியாது.

அந்த இடத்தைத்தான் சிகிச்சைச் சமூகம் என்கிறோம். மருத்துவர் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம் என்று பிரிக்காமல், நோயாளிகள் சேர்ந்து வாழும் வாழ்க்கையையே சிகிச்சையாக்கும் முறை அது. இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய வீரர்களைக் கவனித்த பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் இந்த எண்ணம் வளர்ந்தது. டாம் மெயின் என்ற மனநல மருத்துவர் 1946இல் இந்தப் பெயரில் எழுதினார். 1962இல் இங்கிலாந்தில் கிரெண்டன் என்ற சிறையே இந்த நோக்கத்தோடு திறக்கப்பட்டது. போதையிலிருந்து மீள்வோருக்கான கிளை அமெரிக்காவில் முளைத்து, அங்கிருந்து ஆசிய நாடுகளுக்கும் பரவியது.

உள்ளே என்ன நடக்கும் என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஆகவே விரிவாகவே சொல்கிறோம். மற்றக் கைதிகளிடமிருந்து பிரித்த தனி பிளாக். நாற்பது ஐம்பது பேர். காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நாளைத் தொடங்குவார்கள். சமையல், துப்புரவு, தோட்டம், புதியவர்களை வரவேற்பது என எல்லா வேலையும் அவர்களுடையதே. புதிதாக வந்தவன் பாத்திரம் கழுவுவான். பொறுப்பாக இருந்தால் சில மாதங்களில் சமையலுக்கே தலைவனாவான். பொய் சொன்னால், வேலையை இன்னொருவன் தலையில் கட்டினால், மறுபடியும் பாத்திரத்துக்கே போவான். மாலையில் குழுக்கூட்டம். “நேத்து தட்டத் தள்ளிவிட்டியே, அது யார் மேல கோபம்?” என்று அங்கே கேட்பது அதிகாரி இல்லை, அடுத்த பாயில் படுப்பவன். அதிகாரியிடம் சொல்லும் பொய்யை அவனிடம் சொல்ல முடியாது. அதே பொய்யை அவனும் தன் மனைவியிடம் சொல்லி வந்தவன்தான்.

இது சொகுசு என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு மாலை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தனிக் கொட்டடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நாளை ஓட்டுவது அதைவிட எளிது. இங்கே ஒருவன் தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். தன்னால் அழிந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அதே ஆட்களோடு மறுநாள் சேர்ந்து சோறு வடிக்க வேண்டும். இப்படி ஒன்பது மாதம், ஒரு வருடம். அதை நடத்துபவர்களில் சிலராவது தாங்களே போதையிலிருந்து மீண்டவர்களாக இருக்க வேண்டும். படித்த ஆலோசகரும் தேவை. ஆனால் “என்னாலயும் முடியாதுன்னுதான் நெனச்சேன்” என்று சொல்லக்கூடிய ஒருவர் இல்லாத இடத்தில் இந்த முறை உயிரில்லாமல் போய்விடும்.

நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை. கிரண் பேடி 1993இல் டெல்லி சிறைகளின் பொறுப்பை ஏற்று திகாரைத் தன்னார்வ அமைப்புகளுக்குத் திறந்துவிட்டார். போதையிலிருந்து மீள்வோருக்கான சிகிச்சைச் சமூகங்கள் அந்தச் சிறைக்குள் இயங்கியிருக்கின்றன. பின்னர் அதே திகாரில் அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குப் புப்ரநார்பின் மாத்திரையும் கொடுக்கத் தொடங்கினார்கள். சென்னையில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கி, குடிநோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும் என்பதைத் தமிழகத்துக்குக் காட்டினார். இந்த இரண்டு வழிகளிலிருந்தும் நாங்கள் கற்கிறோம்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்கப்பட வேண்டும் என்று அதன் 103ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் தண்டிக்கும் சட்டம் என்று மட்டுமே அறிந்திருக்கிறோம். ஆனால் அதன் 39ஆவது பிரிவு, போதையை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளியாக்கப்பட்ட அடிமையை, அவர் சம்மதத்தோடு, உடனே தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. 64ஏ பிரிவின்படி, அதே வகைக் குற்றம் சாட்டப்பட்ட அடிமை தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் அந்த வழக்கிலிருந்தே காப்பு உண்டு. இந்தப் பிரிவுகளை வாய்விட்டுக் கேட்கும் வக்கீல் கிடைக்காத ஏழைக்கு அவை புத்தகத்திலேயே கிடக்கின்றன. வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் அவற்றைக் கேட்பதற்கென்றே எங்கள் வழக்கறிஞர்கள் நிற்பார்கள்.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு பரம்பரையே இருக்கிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் கவனித்தவர். சிறைக்குள் தானும் நாட்களைக் கழித்தவர். உச்ச நீதிமன்ற நீதிபதியாக 1977இல் கியாசுதீன் வழக்கில் எழுதிய தீர்ப்பில், குற்றவாளியைச் சீராக்கப்பட வேண்டிய மனிதனாகப் பார்க்க வேண்டும், தண்டனைக்குள் சிகிச்சை இருக்க வேண்டும் என்று வாதாடினார். நாங்கள் கேட்பது அவர் கேட்டதைவிடக் கூடுதலாக எதுவும் இல்லை.

இனி, சிறைக் கதவுக்குள் நுழையும் முதல் சில இரவுகள். தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கம் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் நினைவு பிறழ்ந்து, இல்லாத உருவங்கள் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். உரிய மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ரிமாண்டில் வந்த ஒருவன் இரவில் கத்தினால் அவன் நடிக்கிறான் என்றோ பைத்தியம் என்றோ எடுத்துக்கொள்வது எத்தனை ஆபத்து என்று இதிலிருந்து தெரியும். “கடைசியாக எப்போது குடித்தாய், என்ன போட்டாய்?” என்ற கேள்வியை உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் அன்றைக்கே, தண்டிக்கும் தொனி இல்லாமல், கேட்டுப் பதிய வேண்டும். எங்கள் முதல் கோரிக்கை இது. இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

அடுத்து, விடுதலைக்குப் பிறகும் சிகிச்சை தொடர்வது. அதுதான் இந்த இயக்கத்தின் உயிர்நாடி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் சிறைகளுக்குள் போதைச் சிகிச்சைக்கு 1989 முதல் ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவிட்டது. அது வீணாகப் போனது என்று அந்த மாநிலத்தின் கண்காணிப்புத் தலைமை அதிகாரியே 2007இல் அறிக்கை கொடுத்தார். அதே மாநிலத்தில், சான் டியேகோ அருகே டானவன் சிறையில் அமிட்டி என்ற அமைப்பு நடத்திய சிகிச்சைச் சமூகத்தின் முடிவுகள் உலகப் புகழ் பெற்றவை. உள்ளே சிகிச்சையை முடித்து, வெளியே வந்தபின் தொடர் சிகிச்சையையும் முடித்தவர்களில் மூன்று ஆண்டுகளில் மறுபடி சிறைக்குப் போனவர்கள் 27 சதவீதம். சிகிச்சையே பெறாதவர்களில் 75 சதவீதம். உள்ளே மட்டும் முடித்துவிட்டு வெளியே தொடராதவர்கள்? ஏறத்தாழ சிகிச்சை பெறாதவர்களைப் போலவேதான். டெலவேர் மாநிலம் மூன்று படிகள் அமைத்தது: சிறைக்குள் ஒரு சமூகம், பகலில் வெளியே வேலைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு சமூகம், விடுதலைக்குப் பின் தொடரும் கூட்டங்கள்.

அந்த 27 சதவீதத்தைக் காட்டி நாங்கள் நிதி கேட்க மாட்டோம். வெளியே வந்தும் சிகிச்சையை முடித்தவர்கள் ஏற்கெனவே மனவுறுதி உள்ளவர்களாக இருந்திருக்கலாம். அந்த எண்ணில் அதுவும் கலந்திருக்கிறது. எங்கள் கணக்கில் நடுவில் ஓடிப்போனவரும் இருப்பார், திரும்பக் குடித்தவரும் இருப்பார். ஆனால் திசை சந்தேகமில்லாமல் தெரிகிறது. சிறைக்குள் ஆயிரம் நல்லது செய்து வாசலில் கைவிட்டால் செய்ததெல்லாம் கரைந்துவிடும்.

வாசல் என்பது எத்தகைய இடம் என்று யோசித்துப் பாருங்கள். சிறையில் உழைத்துச் சேர்த்த கூலி கையில் இருக்கிறது. வீட்டில் ஏற்பார்களா என்று தெரியாது. பழைய நண்பன் மட்டும் ஆட்டோவோடு வந்து நிற்கிறான். உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கிறது, மனம் பழைய அளவைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதை மிகையால் சாகும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு என்று கண்டது. அங்கே ஹெராயினும் கொக்கைனும். இங்கே பெரும்பாலும் மது, கஞ்சா, இப்போது எம்.டி.எம்.ஏ. பொருள் மாறலாம். வாசலில் ஆள் இல்லாமல் நிற்பவனின் நிலை மாறாது.

வேலை கற்றுத்தருவதில் கேரளச் சிறைகள் பின்தங்கியவை இல்லை. பூஜப்புரைச் சிறைச் சப்பாத்தியை ஊரே வாங்கிச் சாப்பிடுகிறது. சாலையோரப் பெட்ரோல் பங்கில் கைதிகள் மரியாதையோடு வேலை செய்கிறார்கள். அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் தொழில் தெரிந்தவன் கூலி வாங்கிய மாலையில் எந்தப் பக்கம் நடப்பான் என்ற கேள்விக்குத் தொழில் மட்டும் பதில் சொல்லாது.

டெலவேர் புதிதாகக் கட்ட வேண்டியிருந்த நடுப்படி நமக்கு 1962 முதலே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்து மலையடிவாரத்தில், நெட்டுகால்தேரியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே மதில் இல்லாத திறந்தவெளிச் சிறை இயங்குகிறது. பூஜப்புரையில் ஒரு தனி பிளாக், நெட்டுகால்தேரியில் அதன் தொடர்ச்சி, பிறகு நகரத்துக்குள் நாங்கள் நடத்தும் ஒரு வீடு: இதுதான் எங்கள் திட்டம். தண்டனையின் கடைசி ஒன்றரை ஆண்டை இந்த வரிசையின் முதல் இரண்டு படிகளில் அமைக்க வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். போதை வழக்கில் வந்தவர் என்பதற்காகவே திறந்தவெளிச் சிறைக்குத் தகுதி மறுக்கும் விதி எங்கே இருந்தாலும் அது திருத்தப்பட வேண்டும். வியாபாரியையும் அடிமையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

நகரத்து வீட்டைப் பற்றி அரசிடம் கேட்கப்போவதில்லை. அதை நாங்களே எடுப்போம். வெளியே வருபவரை வாசலிலேயே எங்களில் இருவர் எதிர்கொள்வார்கள். அவர்களில் ஒருவராவது உள்ளே இருந்து வந்தவராக இருப்பார். வீட்டுக்கு உடனே போகக்கூடியவரை வீட்டில் விடுவோம். மனைவியோ தாயோ “இப்போது வேண்டாம்” என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிப்போம். ஏற்றுக்கொள்ளச் சொல்லி எந்தப் பெண்ணையும் வற்புறுத்த மாட்டோம். அடிபட்டவளுக்கு மறுக்கும் உரிமை உண்டு. கேரள அரசு 2016இல் தொடங்கிய விமுக்தி திட்டத்தின் மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன; மருத்துவச் சிகிச்சைக்கு அவற்றோடும் ஊளம்பாறை மனநல மையத்தோடும் மருத்துவக் கல்லூரியோடும் இணைந்து நடப்போம். மாத்திரை சாப்பிடுபவர் மீண்டவர் ஆகமாட்டார் என்ற பழைய பிடிவாதம் சிகிச்சைச் சமூக மரபில் உண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை.

இந்த மரபின் இருட்டையும் அறிந்தே வருகிறோம். 1958இல் கலிஃபோர்னியாவில் சார்லஸ் டெடரிக் தொடங்கிய சினனான்தான் போதைக்கான சிகிச்சைச் சமூகங்களுக்கெல்லாம் தாய்வீடு. ஒருவரையொருவர் வசைபாடுவதும் தலையை மழிப்பதும் அங்கே சிகிச்சையாயின. கடைசியில் தலைவனை வணங்கும் கூட்டமாகி, தங்களை எதிர்த்த வழக்கறிஞரின் தபால் பெட்டியில் பாம்பை வைக்கும் அளவுக்கு 1978இல் போய்விட்டது. நமக்குப் பக்கத்தில் இலங்கையில், பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாட்டில் ராணுவத்தின் பிடியில் இருந்த புனர்வாழ்வு மையத்தில் ஒருவர் இறந்ததையடுத்து 2022 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் தப்பி வெளியேறினார்கள். நம் ஊரிலும் மறுவாழ்வு என்று பலகை மாட்டிச் சங்கிலியும் கம்பும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. எனவே எழுதி வைக்கிறோம்: எங்கள் பெயரால் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, மொட்டையடிக்கக் கூடாது, சாப்பாட்டை மறுக்கக் கூடாது, கூட்டத்தின் முன் அம்மாவைச் சொல்லித் திட்டக் கூடாது. சேர்வது சம்மதத்தால், விலகுவதும் அப்படியே. விலகியவரைச் சிறை நிர்வாகம் தண்டிக்கக் கூடாது. தலைமைப் பொறுப்பில் யாரும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்க மாட்டார்கள். குழுக்கூட்டத்தில் சொன்னது வழக்கு விசாரணைக்குப் போகாது என்ற உறுதியை எழுத்தில் வாங்காமல் ஒரு கூட்டமும் தொடங்க மாட்டோம்.

எங்களுக்கு இன்னும் கடினமாக இருப்பது விசாரணைக் கைதிகளின் நிலை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் தீர்ப்பே வராதவர்கள். நாளைக்கு ஜாமீனில் போகக்கூடியவரை ஒரு வருடச் சமூகத்தில் எப்படிச் சேர்ப்பது? அவர்களுக்காகச் சில வாரக் கூட்டங்களையும், மேலே சொன்ன 39, 64ஏ பிரிவுகளின் உதவியையும், ஜாமீன் நாளில் வாசலில் ஓர் ஆளையும் மட்டுமே இப்போது தர முடியும். அது குறைவு என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எதுவும் கிடைக்காத இடத்தில் அதையாவது உடனே தொடங்குகிறோம்.

பேச்சால் நடக்கும் சிகிச்சை என்பதால் மொழி இதில் பெரிய விஷயம். மலையாளத்தில் வேலை பார்க்கத் தெரிந்த தமிழனுக்கும் வங்காளத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கும் தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போது தாய்மொழிதான் வரும். தமிழ்க் கூட்டமும் இந்தி, வங்காளக் கூட்டமும் தனியாக நடக்க வேண்டும். மகளிர் சிறைக்கு ஆண்களின் திட்டத்தை அப்படியே கொண்டுபோக மாட்டோம். போதைக்கு அடிமையான பெண்ணின் கதையில் பெரும்பாலும் அவளை அதில் இறக்கிய ஓர் ஆண் இருக்கிறான். அங்கே நடத்துபவர்கள் பெண்களாகவே இருப்பார்கள்.

வார்டன்களையும் சேர்த்துக்கொள்ளாமல் இது நடக்காது. தென் மாநிலச் சிறை அலுவலர்களுக்காக 1979இல் வேலூரில் அமைந்த பயிற்சிக் கழகத்தில் சிகிச்சைச் சமூகம் ஒரு பாடமாக வேண்டும். மீண்டு வந்தவர்களை ஊதியத்தோடு ஆலோசகர்களாக நியமிக்க வேண்டும். பழைய வழக்கு இருப்பதே அந்த வேலைக்குத் தடையாகக் கூடாது.

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் மதுவால் வரும் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிக்கு மேல். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது. வெளியே தேடிப் பிடிக்க முடியாத மீதிப் பேரில் பலர் சிறையில் நமக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், மாதக்கணக்கில், வருடக்கணக்கில். அந்தக் காலத்தை வீணாக்குவது குற்றம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

முதல் ஆண்டில் நகரத்து வீட்டில் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்க மாட்டோம். அவர்கள் பெயரையோ படத்தையோ எங்கும் வெளியிட மாட்டோம். ஆண்டு முடிவில் பன்னிரண்டு பேரின் நிலையையும், திரும்பக் குடித்தவரோடும் திரும்பச் சிறைக்குப் போனவரோடும் சேர்த்து, எண்ணிக்கையாக மட்டும் அறிவிப்போம். ஒருமுறை சறுக்கியவரை வீட்டிலிருந்து வெளியேற்ற மாட்டோம். கைநீட்டியவரை அன்றைக்கே வெளியேற்றுவோம். எங்களோடு சேர விரும்புபவர்களுக்குச் சாதி, கட்சி, மதம், மொழி தடையில்லை. பணம் கொடுத்துவிட்டு ஒதுங்குபவர்களைவிட, மாதத்தில் ஒரு காலை பூஜப்புரை வாசலில் வந்து நிற்கக்கூடியவர்களே எங்களுக்கு இப்போது வேண்டும். சிறைத்துறைத் தலைவருக்கு எழுதிய மனுவில் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம். நகரத்து வீட்டுக்கான முதல் மூன்று மாத வாடகையை இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களே போடுகிறோம்.